எந்த ஆட்டோ ஓடப்போகிறது? ரோபோ சுவிட்சுகள் பற்றி வாசகர் கேள்விகள்

போட்டி ரோபோ தானாக ஓடும் நேரத்தில் ('ஆட்டோ' என்பது இதுதான்) எந்த புரோகிராமை ஓட்ட வேண்டும் என்று அதற்கு எப்படிச் சொல்வது, சுவிட்ச் வைத்தால் வயர் எப்படிப் போக வேண்டும் என்று இந்த முறை ஐந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒருவருக்குச் சொல்லும் பதில் இன்னொருவருக்கும் உதவும் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் இங்கே பள்ளி அணியில் எஃப்.ஆர்.சி. ரோபோவின் வயரிங்கைப் பார்த்துக்கொள்கிறாள், நானும் வார இறுதியில் போய் உதவுகிறேன். மூன்று ஆட்டோ புரோகிராம்கள் இருக்கின்றன, லேப்டாப் திரையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். போன போட்டியில் இரண்டு முறை தவறான புரோகிராம் ஓடிவிட்டது, பிள்ளைகள் அழுதேவிட்டார்கள். ரோபோவிலேயே ஒரு சுவிட்ச் வைத்துவிடலாமா? (டாலஸில் இருந்து ஒரு தந்தை)

பதில்: வைக்கலாம், வையுங்கள். முதலில் இந்தப் போட்டியைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. எஃப்.ஆர்.சி. (FIRST Robotics Competition) என்பது பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி, அதில் மூன்று ரோபோக்கள் சேர்ந்து ஒரு கூட்டணி, ஒரு பக்கம் சிவப்பு, எதிர்ப்பக்கம் நீலம். 2025 ஆட்டத்தில் மொத்தம் இரண்டரை நிமிடம், அதில் முதல் 15 விநாடி ஓட்டுபவர்கள் கண்ட்ரோலைத் தொடாமல் தள்ளி நிற்க வேண்டும், ரோபோ தானாகவே ஓடும். கூட்டாளி அணிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவதால் நாம் இடது ஓரத்தில் நிற்கிறோமா, நடுவிலா, வலதிலா என்பதும் மாறும், அதனால்தான் எல்லா அணியும் பல புரோகிராம்களை எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

உங்களுக்கு நடந்தது அனேகமாக இதுதான்: லேப்டாப்பில் தேர்ந்தெடுத்தது நெட்வொர்க் வழியாக ரோபோவுக்குப் போய்ச் சேர வேண்டும், நடுவில் ரோபோவை அணைத்துப் போட்டாலோ, கோட் திரும்பத் தொடங்கினாலோ, டேஷ்போர்டு, அதாவது லேப்டாப்பில் இருக்கும் அந்தத் தேர்வுத் திரை, தாமதமாக இணைந்தாலோ தேர்வு முதலில் இருந்த டிஃபால்ட்டுக்கே திரும்பிவிடலாம், அவசரத்தில் அதை யாரும் பார்க்கவில்லை. கையால் தள்ளி வைத்த சுவிட்ச் பவர் போனாலும் அதே இடத்தில் நிற்கும்.

வயரிங் மிக எளிது. எஃப்.ஆர்.சி. ரோபோவின் மூளையான ரோபோரியோ பெட்டியில் டி.ஐ.ஓ. (டிஜிட்டல் இன்புட்-அவுட்புட்) என்று 0 முதல் 9 வரை பத்து வரிசை இருக்கும், ஒவ்வொன்றிலும் மூன்று பின்: கிரவுண்ட், 5 வோல்ட், சிக்னல். எது எது என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துச் செருகுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். இந்த சிக்னல் பின் ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே 40 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் 3.3 வோல்ட்டுக்குப் போட்டிருக்கிறார்கள், அதாவது எதையும் இணைக்காமல் விட்டால் அது தானாகவே 'ட்ரூ' என்று படிக்கும், கிரவுண்டோடு சேர்த்தால் 'ஃபால்ஸ்'. ஆகவே சுவிட்சுக்கு சிக்னலும் கிரவுண்டும் போதும். 5 வோல்ட் பின்னுக்கு அங்கே வேலையே இல்லை, அந்த வயரை பிளக்கில் இருந்தே உருவி எடுத்துவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் உதவிய ஒரு அணியில் பையன்கள் ஒரு சுழல் சுவிட்ச் வாங்கி, ஒரு பக்கம் 5 வோல்ட், அடுத்த பக்கம் கிரவுண்ட், நடுக்காலில் சிக்னல் என்று போட்டிருந்தார்கள். மேஜையில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அந்த சுவிட்ச் அடுத்த நிலையைத் தொட்ட பிறகுதான் பழைய நிலையை விடும் ரகம், அதனால் ஒவ்வொரு முறை திருப்பும்போதும் ஒரு கணம் 5 வோல்ட்டும் கிரவுண்டும் நேராகச் சேர்ந்தன. ரோபோரியோவுக்குள் இருக்கும் பாதுகாப்பு 5 வோல்ட் லைனையே நிறுத்தியது, அதே லைனில் இருந்த, சக்கரம் எவ்வளவு சுழன்றது என்று அளக்கும் என்கோடர்களும் கூடவே செத்தன. டிரைவர் ஸ்டேஷன் என்ற லேப்டாப் மென்பொருளில் 5 வோல்ட் ஃபால்ட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதை ஒரு மாணவிதான் கவனித்துச் சொன்னாள். அதுவரை என்கோடர் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு என்கோடரைக் கழற்றி மாற்றியிருந்தோம்.

உங்களுக்கு மூன்று புரோகிராம்தானே, நடுவில் நிற்கக்கூடிய டாகிள் சுவிட்ச் ஒன்று வாங்குங்கள், கைப்பிடி இரண்டு பக்கமும் போகும், நடுவிலும் நிற்கும், நடுவில் இருக்கும்போது எதுவும் எதோடும் சேராது. பின்னால் மூன்று கால் இருக்கும்: நடுக்கால் கிரவுண்டுக்கு, ஒரு ஓரக்கால் டி.ஐ.ஓ. 0 சிக்னலுக்கு, மற்றது 1-க்கு. சாதாரண டாகிளில் கைப்பிடி மேலே இருக்கும்போது நடுக்கால் கீழே இருக்கும் காலோடு சேரும், பலர் இதில்தான் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள், மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துப் பார்த்துவிட்டு சாலிடர் செய்யுங்கள். ரோபோவின் பின்னால் நின்று பார்க்கும்போது கைப்பிடி இடது பக்கம் சாய்ந்தால் இடது ஓர புரோகிராம், வலது பக்கம் சாய்ந்தால் வலது ஓரம் என்று வரும்படி பொருத்திவிட்டால் யாரும் யோசிக்கவே வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். கைப்பிடி நடுவில் இருக்கும்போது இரண்டு சிக்னலும் 'ட்ரூ'. பிளக் கழன்று விழுந்தாலும், வயர் அறுந்தாலும் அதே இரண்டு 'ட்ரூ'தான் வரும், ரோபோவால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நடு நிலைக்கு உங்களிடம் இருப்பதிலேயே சாதுவான புரோகிராமை வையுங்கள், கோட்டைத் தாண்டி நேராகக் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் 'ஃபால்ஸ்' என்று வந்தால் அது சுவிட்சால் நடக்கவே முடியாத ஒன்று, எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம், அதைத் திரையில் சிவப்பாகக் காட்டச் சொல்லுங்கள். அலுமினியம் அறுத்த பொடி ரோபோரியோ பின்களுக்கு நடுவில் விழுந்தால் இப்படி ஆகும், அறுக்கும்போது ஒரு துணியையாவது போட்டு மூடுங்கள்.

இன்னொன்று, எஃப்.ஆர்.சி. விதிப்படி ரோபோவின் உலோகச் சட்டம் மின்சாரத்தில் இருந்து முழுக்கத் தனித்திருக்க வேண்டும், பேட்டரியின் எந்த முனைக்கும் சட்டத்துக்கும் நடுவில் போதிய மின்தடை இருக்கிறதா என்று சோதனையில் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். நட்டு போட்டு இறுக்கும் உலோக டாகிளை நேராக அலுமினிய சட்டத்தில் மாட்டி, அதன் கிரவுண்ட் கால் எங்காவது உடம்பில் பட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். ஒரு சின்ன பாலிகார்பனேட் தகட்டில் துளையிட்டு அதில் மாட்டுவது நிம்மதி.

கோடில் எங்கே படிப்பது என்பதிலும் தவறு நடக்கும். ரோபோவுக்குப் பவர் வந்ததும் ஒரே ஒரு முறை படித்து வைத்துக்கொண்டால், களத்தில் வைத்த பிறகு சுவிட்சை மாற்றுவது அதற்குத் தெரியவே தெரியாது. ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கும்போது தொடர்ந்து படித்தாலோ, எதிலாவது இடித்து சுவிட்ச் நகர்ந்தால் நடுவழியில் புரோகிராம் மாறும். ரோபோ டிஸேபிளில், அதாவது பவர் இருந்தும் அசையாமல் நிறுத்தி வைத்த நிலையில், இருக்கும் வரை தொடர்ந்து படித்துத் திரையில் பெயரைக் காட்டட்டும், ஆட்டோ தொடங்கும் கணத்தில் கடைசியாகப் படித்ததைப் பிடித்துக்கொள்ளட்டும்.

அந்தப் பெயரைக் காட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ரோபோ அதை என்னவென்று படித்திருக்கிறது என்று அதுவே திரும்பச் சொன்னால்தான் நம்பலாம். ஆட்டத்துக்கு முன்னால் ஒருவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும், இன்னொருவர் 'சரி' சொல்ல வேண்டும்.

சுவிட்சுக்கும் ஒரு குறை உண்டு, களத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் அதைத் தொட முடியாது, லேப்டாப் தேர்வையோ ஆட்டம் தொடங்கும் வரை மாற்றலாம். பின்னால் இன்னும் நிலைகள் உள்ள சுவிட்ச் வாங்கினால் ஒரு நிலையை 'லேப்டாப் சொல்வதைக் கேள்' என்று ஒதுக்கிவிடுங்கள். சிவப்பா நீலமா என்பதற்குத் தனி சுவிட்ச் வேண்டாம், எஃப்.ஆர்.சி.யில் களத்தின் கம்ப்யூட்டரே அதை டிரைவர் ஸ்டேஷன் வழியாகச் சொல்லிவிடும்.

கேள்வி: எங்கள் எஃப்.ஆர்.சி. ரோபோவில் டி.ஐ.ஓ. எல்லாம் தீர்ந்துவிட்டது, ஒன்றுதான் மிச்சம். ஆறு ஆட்டோ புரோகிராம்கள் வேண்டும். கூடவே கூட்டாளி ரோபோவோடு மோதாமல் இருக்க சில விநாடி காத்திருந்து கிளம்பும் வசதியும் கேட்கிறார்கள். வழி உண்டா? (ஸ்கார்பரோவில் இருந்து ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

பதில்: உண்டு அம்மா, அனலாக் இன்புட் பக்கம் போங்கள். ரோபோரியோவின் பலகையிலேயே நான்கு இருக்கின்றன, 0 முதல் 5 வோல்ட் வரை படிக்கும், 12 பிட், அதாவது 5 வோல்ட்டை 4096 படியாகப் பிரித்துப் பார்க்கும். நமக்கு எட்டே படி போதும்.

எட்டு நிலை சுழல் சுவிட்ச் ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஏழு. சுவிட்சின் அடுத்தடுத்த கால்களுக்கு நடுவில் ஒவ்வொரு ரெசிஸ்டராக ஏணி போலச் சாலிடர் செய்யுங்கள், முதல் கால் கிரவுண்டுக்கு, கடைசிக் கால் 5 வோல்ட்டுக்கு, நடு அச்சின் கால் சிக்னலுக்கு. ஏணி முழுக்க 0.7 மில்லி ஆம்பியர்தான் ஓடும். ஒவ்வொரு நிலைக்கும் சுமார் 0.71 வோல்ட் கூடிக்கொண்டே போகும், படித்த வோல்ட்டை 7-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்து அருகில் உள்ள முழு எண்ணாக்கினால் 0 முதல் 7 வரை நிலை எண் வந்துவிடும். மேலே ஒருவருக்கு 'தொட்ட பிறகு விடும்' ரக சுவிட்சால் வந்த ஆபத்தைச் சொன்னேன் அல்லவா, இங்கே அதே ரகம்தான் நல்லது, ஒரு கணம் பக்கத்துக் கால்கள் சேர்ந்தால் ஒரு ரெசிஸ்டர் மட்டும் குறையும், அவ்வளவுதான். சிக்னல் அந்தரத்தில் தொங்காது.

ரோபோரியோ பிளக்குக்கு அருகிலேயே சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 100 கிலோ ஓம் ஒன்று போட்டுவிடுங்கள். சுவிட்சுக்குப் போகும் சிக்னல் வயரோ 5 வோல்ட் வயரோ அறுந்தால் 0 படிக்கும். கிரவுண்ட் வயர் அறுந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள், எந்த நிலையில் இருந்தாலும் 4.6 வோல்ட்டுக்கு மேல்தான் வரும், அது 7 என்று ஆகும். ஆகவே 0, 7 இரண்டு நிலைகளுக்கும் எந்த புரோகிராமும் கொடுக்காமல் 'நின்ற இடத்தில் நில்' என்று விட்டுவிடுங்கள். மிச்சம் சரியாக ஆறு. ஏணியில் எந்த வயர் போனாலும் ரோபோ தவறான திசையில் பாயாது என்பது எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்த விஷயம்.

காத்திருக்கும் நேரத்துக்கு இன்னொரு அனலாக் இன்புட்டில் 10 கிலோ ஓம் திருகு ரெசிஸ்டர், அதாவது பொட்டென்ஷியோமீட்டர். கடையில் பி என்று எழுதியதைக் கேளுங்கள், அது சீராக ஏறும், ஏ என்பது ரேடியோ சத்தத்துக்கானது, ஒரு பக்கம் மட்டும் திடீரென்று ஏறும். 0 முதல் 5 விநாடி வரை வைத்து முழு விநாடிக்கு வெட்டிவிடுங்கள், 2.37 விநாடி யாருக்கும் தேவையில்லை, கூட்டாளி அணி வந்து 'மூன்று விநாடி பொறுங்கள்' என்றுதான் கேட்பார்கள்.

கேள்வி: சார், கல்லூரியில் ரோபோகான் என்ற கல்லூரிகளுக்கான போட்டிக்கு ரோபோ செய்கிறோம். கண்ட்ரோலர் ஈ.எஸ்.பி.32 என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. நான்கு டாகிள் சுவிட்ச்: ஒன்று சிவப்பு-நீலம், மூன்று மோட் தேர்வுக்கு. பின் 34, 35, 12, 0 ஆகியவற்றில் போட்டிருக்கிறோம். 34, 35-க்கு கோடில் புல்-அப் போட்டும் மனம்போனபடி படிக்கிறது. 12-க்கும் 0-க்கும் வெளியே 10 கிலோ ஓம் போட்டோம், அவை சரியாகப் படிக்கின்றன. ஆனால் சுவிட்சுகள் சில நிலைகளில் இருக்கும்போது பவர் போட்டால் ரோபோ உயிர் பெறுவதே இல்லை, வேறு நிலையில் போட்டு பிறகு மாற்றினால் ஒழுங்காக ஓடுகிறது. போர்டை மாற்றிப் பார்த்தோம், அதே கதை. (கோவையில் இருந்து ஒரு மூன்றாம் ஆண்டு மாணவர்)

பதில்: தம்பி, போர்டு மேல் தவறில்லை, இன்னொன்று வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது, தேர்ந்தெடுத்த நான்கு பின்னும் வில்லங்கமானவை.

34 முதல் 39 வரை உள்ள பின்கள் உள்ளீடு மட்டும் வாங்கும், அவற்றுக்கு உள்ளே புல்-அப் ரெசிஸ்டரே கிடையாது. கோடில் புல்-அப் என்று எழுதினால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, ஆனால் சிப்பில் இல்லாததை அது கொண்டுவர முடியாதே, அதனால் சுவிட்ச் திறந்திருக்கும்போது அந்தப் பின் அந்தரத்தில் தொங்கி, பக்கத்து மோட்டார் வயரின் இரைச்சலை எல்லாம் பிடித்துக்கொள்ளும். அவற்றை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வெளியே 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் போடுங்கள், சரியாகிவிடும்.

12-ம் 0-வும் வேறு விதம். பவர் வந்த அந்தக் கணத்தில் சிப் சில பின்களைப் பார்த்துத்தான் எப்படித் தொடங்குவது என்று முடிவு செய்யும். பின் 0 அப்போது கிரவுண்டில் இருந்தால் புதிய கோடை ஏற்றப்போகிறார்கள் என்று நினைத்துக் காத்திருக்கும், உங்கள் கோட் ஓடாது. பின் 12 அப்போது உயர்ந்திருந்தால் ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் கொடுக்கத் தொடங்கும், பெரும்பாலான மாட்யூல்களில் இருப்பது 3.3 வோல்ட் ஃபிளாஷ், அது எழுந்திருக்காது. ஆகவே உங்கள் ரோபோவில் 0-வின் சுவிட்ச் மூடியிருந்தாலும் போச்சு, 12-ன் சுவிட்ச் திறந்திருந்தாலும் போச்சு, இரண்டும் தோதாக அமைந்தால்தான் உயிர் வரும். ஒரு முறை தொடங்கிவிட்டால் அந்தப் பின்கள் சாதாரணப் பின்கள் ஆகிவிடும், அதனால்தான் பிறகு மாற்றினால் ஒழுங்காக ஓடுகிறது. நான்கு சுவிட்சையும் 25, 26, 27, 33-க்கு மாற்றுங்கள், அவற்றுக்கு உள் புல்-அப்பும் உண்டு, தொடக்கத்தில் வேறு வேலையும் இல்லை. 2, 15 பக்கமும் போக வேண்டாம், அவையும் தொடக்கத்தில் பார்க்கப்படும் பின்கள்தான்.

உள்ளே இருக்கும் புல்-அப் பலவீனமானது. மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டி அரை மீட்டர் தூரம் சுவிட்ச் வயர் போனால் வெளியே 4.7 கிலோ ஓம் ஒன்றும், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 104 என்று எழுதிய கெப்பாசிட்டர் ஒன்றும் போடுவது நல்லது, இரண்டும் சேர்த்து ஐந்து ரூபாய்கூட ஆகாது. வயரை மோட்டார் வயரில் இருந்து பிரித்துத் தனியாக ஓட்டுவது அதைவிட நல்லது.

சிவப்பு-நீல சுவிட்ச் பற்றி ஒரு வார்த்தை. ரோபோகான் களத்தில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பது போல எதிரெதிராக இருக்கும், எந்தப் பக்கம் என்று ரோபோவுக்குச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை. எனவே மோட் தவறினால் கொஞ்சம் புள்ளி போகும், நிறம் தவறினால் ரோபோ எதிர்த்திசையில் போய் ஆட்டமே போய்விடும். அந்த ஒரு சுவிட்சை மற்ற மூன்றோடு ஒரே வரிசையில் வைக்காதீர்கள், தள்ளி வையுங்கள், கைப்பிடியும் வேறு வடிவமாக இருக்கட்டும். ரோபோ நீலம் என்று படித்தால் தூரத்தில் இருந்தே தெரியும்படி நீல விளக்குப் பட்டை எரியட்டும், சிவப்பு என்றால் சிவப்பு. களத்தில் நிற்பவர்களில் ஒருவராவது 'டேய், நாம் சிவப்புடா' என்று கத்துவார்கள், அது போதும். கோடிலும் சிவப்புக்கு ஒன்று நீலத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரதி வைக்க வேண்டாம், ஒன்றில் திருத்துவீர்கள், மற்றதில் மறப்பீர்கள். ஒரே பாதை, நிறத்தைப் பொறுத்து பக்கவாட்டுத் தூரத்துக்கும் திரும்பும் கோணத்துக்கும் மட்டும் கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றினால் முடிந்தது.

கேள்வி: எஃப்.டி.சி. (FIRST Tech Challenge, எஃப்.ஆர்.சி.யைவிடச் சின்ன ரோபோக்களின் போட்டி) ரோபோவுக்கும் இப்படி சுவிட்ச் வைக்க வேண்டுமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவன், பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

பதில்: வேண்டாம். உங்கள் போட்டியில் 30 விநாடி தானாக ஓடும், அதற்கு முன் இனிட் அழுத்தியதும் ஸ்டார்ட் வரும் வரை ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் கேம்பேட் பட்டன்களால் நிறம், தொடங்கும் இடம், காத்திருக்கும் விநாடி மூன்றையும் தேர்ந்தெடுத்து, அப்படியே டிரைவர் ஸ்டேஷன் திரையில் டெலிமெட்ரியாகக் காட்டிவிடலாம். ஒரு வயரும் தேவையில்லை. தேர்ந்தெடுத்ததும் ஒரு பட்டனால் பூட்டும்படி எழுதுங்கள், கேம்பேடைக் கீழே வைக்கும்போது விரல் பட்டு மாறிவிடும்.

கேள்வி: நாலு குட்டி சுவிட்ச் சேர்ந்த டிப் சுவிட்ச் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது, பதினாறு மோட் வரும். அதை விட்டுவிட்டு ஏன் பெரிய சுவிட்ச்? (மதுரையில் இருந்து ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர்)

பதில்: ஐயா, மின்சாரக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி, நான்கு சுவிட்சுக்கு பதினாறு மோட். ஆனால் ஆட்டத்துக்கு ஒரு நிமிடம் முன்னால், சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில், ரோபோவின் வயிற்றுக்குள் கையை விட்டு நகத்தால் அதைத் தள்ளப்போவது ஒரு பதினாறு வயதுப் பிள்ளை. 'மேல் மேல் கீழ் மேல்' என்றால் எத்தனை என்று பைனரிக் கணக்கு அப்போது யாருக்கும் வராது, எனக்கும் வராது. பேட்டரி மாற்றும்போது கேபிள் உரசி ஒன்று நகர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது.

நான்கு வயர் போட இடம் இருந்தால் பதினாறு நிலை ஹெக்ஸ் சுழல் சுவிட்ச் வாங்குங்கள், உள்ளே அதே நான்கு பிட்தான், வெளியே 0 முதல் எஃப் வரை எழுத்து தெரியும். ஐந்து கால் இருக்கும்: 1, 2, 4, 8, பிறகு பொதுக்கால் சி. சி-யை கிரவுண்டுக்குக் கொடுத்தால் மூடிய பிட் 0 என்று வரும், கோடில் தலைகீழாக்க மறக்க வேண்டாம். 7-ல் இருந்து 8-க்குத் திருப்பும்போது நான்கு பிட்டும் ஒன்றாக மாறுவதால் ஒரு கணம் தவறான எண் வரலாம், ஆட்டோ தொடங்கும் கணத்தில் படித்ததை மட்டும் எடுத்துக்கொள்வதால் அது பாதிக்காது.

பதினாறு மோட் வேண்டுமா என்பதையும் பிள்ளைகளிடம் கேளுங்கள். நான் பார்த்தவரை ஒரு அணி நன்றாகச் சோதித்துப் பார்த்த புரோகிராம் மூன்றோ நான்கோதான் இருக்கும், மற்றவை பாதியில் நின்றவை. அந்த நான்கை மட்டும் சுவிட்சில் ஏற்றி, பக்கத்தில் எண்ணுக்குப் பதிலாகப் பெயரை அச்சிட்டு ஒட்டுங்கள்: 'நில்', 'கோடு தாண்டு', 'இடது – இரண்டு துண்டு', 'வலது – இரண்டு துண்டு' (துண்டு என்றால் ஆட்டத்தில் ரோபோ எடுத்துப் போடும் பொருள்). அதே பெயர், எழுத்து மாறாமல், திரையிலும் வர வேண்டும். ஒட்டிய தாளின் மேல் ஒளி ஊடுருவும் டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாள் காலையில் கிரீஸ் விரல் பட்டு அழிந்திருக்கும்.